பட்ட காலிலேயே ஏன் படுகிறது?

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ‘தானே’ புயல் கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. கடற்கரையோடு அது நிற்கவில்லை. உள்ளே பண்ருட்டிப் பக்கம் வரை வந்து முந்திரியையும் பலாவையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. தாத்தா வைத்த மரம், அப்பா கவாத்து பண்ணின மரம், எல்லாம் ஒரே காலையில் படுத்துவிட்டன.

காற்று ஆள் பார்த்து அடிக்கவில்லை. அதனால்தான், சமூகப் பின்னடைவு என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் இந்தப் புயலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பண்ருட்டிக்குத் தெற்கே ஒரு செம்மண் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு வீடு. இரண்டும் நானாக அமைத்தவை. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் இந்த மாவட்டத்தில் ஏதோ ஒரு வீட்டில் நடந்ததுதான். ஒன்று தோப்புக்கார வீடு: ஐந்து ஏக்கர் முந்திரி, பட்டா கையில், பெரியவருக்குக் கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு, மூத்த மகன் வாத்தியார். இன்னொன்று கொட்டை உடைக்கிற வீடு. அப்பா தோப்புகளில் கூலி. அம்மா முந்திரிக்கொட்டையை உடைத்து, கிலோவுக்கு இத்தனை என்று காசு வாங்குபவர். மகன் ஏழாம் வகுப்பு. மகள் எட்டு மாதக் கைக்குழந்தை.

தோப்புக்கார வீட்டுக்கு நஷ்டம் பெரிசு. பெரியவர் விழுந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார், அதில் பொய்யில்லை. ஆனால் அழுது முடித்ததும் செய்வதற்கு அவருக்கு வேலை இருந்தது. நிவாரணம் பட்டாவைப் பார்த்து வரும், அது வந்தது. விழுந்த மரம் விறகாக விலை போனது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி.ஆர்.ஐ-3 மாதிரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டார்கள். கன்றுக்கு நடுவே மணிலா (நிலக்கடலை) போட்டார்கள். வாத்தியார் சம்பளம் மாதா மாதம் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வருஷம் கன்று காய்க்கத் தொடங்கியது. எட்டு, பத்து வருஷத்தில் தோப்பு பழையபடி ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடவில்லை.

இன்னொரு வீட்டில் விழுந்த மரம் அவர்களுடையது இல்லை. அதனால் நிவாரணப் பட்டியலில் அவர்கள் மர நஷ்டக்காரர்களாக வரவில்லை. மரம் இல்லையென்றால் கொட்டை இல்லை. கொட்டை இல்லையென்றால் பறிக்கவும் உடைக்கவும் வேலை இல்லை. ஆடு போனது. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். பையன் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வாரம் இரண்டு நாள் லீவு, பிறகு மூன்று நாள். எட்டு வரை ஆல் பாஸ் என்பதால் ஒன்பதாம் வகுப்பு வரை பெயர் பதிவேட்டில் நகர்ந்துகொண்டே போனது, பாடம் நகரவில்லை. ஒன்பதில் நின்றுவிட்டான். தோப்புக்காரர் வீட்டுக் கன்று காய்ப்புக்கு வந்த அதே மூன்று வருஷத்தில்தான் அவனுடைய ஏழும் எட்டும் ஒன்பதும் போயின. மரத்தை மறுபடி நடலாம். பன்னிரண்டு வயதை எங்கே போய் நடுவது?

‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். 1968இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விஞ்ஞானிகளின் புகழைப் பற்றி எழுதும்போது, உள்ளவனுக்கே மேலும் சேரும், இல்லாதவனிடம் இருப்பதும் போகும் என்ற பைபிள் வசனத்தை வைத்து இதற்கு ‘மத்தேயு விளைவு’ என்று பெயர் வைத்தார். பழமொழியோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான். அது விதி மாதிரிப் பேசுகிறது. ஏன் அதே காலில் படுகிறது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பின்னடைவு என்பது வறுமைக்குப் போட்ட நாகரிகப் பெயர் இல்லை. இன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது வறுமைக் கணக்கு. வழுக்கினால் பிடித்துக்கொள்ள எத்தனை கொம்பு இருக்கிறது என்பது பின்னடைவுக் கணக்கு. பட்டா ஒரு கொம்பு. சம்பளக்காரர் ஒருவர் வீட்டில் இருப்பது ஒரு கொம்பு. ஃபாரம் நிரப்பத் தெரிந்த மாமா, வங்கி மேனேஜரிடம் உட்கார்ந்து பேசக்கூடிய பெரியப்பா, ஊரில் எந்தத் தெரு, எந்தச் சாதி, எல்லாமே அந்தக் கணக்கில் வரும். நல்ல சீசனில் இரண்டு வீட்டிலும் ஒரே அளவு பணம் புழங்கலாம். புயல் வரும்போதுதான் எந்த வீட்டில் எத்தனை கொம்பு என்று தெரியும்.

இனி, அதே காலில் ஏன் படுகிறது என்பதற்கு வருவோம். கடனிலிருந்து தொடங்கலாம், அதில் கணக்குப் போட்டுக் காட்ட முடியும்.

நம் பக்கத்தில் தண்டல் என்று ஒன்று உண்டு. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது 8,500 ரூபாய். 1,500 முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பைக்கில் ஆள் வருவார், சின்ன அட்டையில் குறித்துக்கொண்டு போவார். கேட்பதற்கு 15 சதவீதம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது. முழுப் பணமும் நூறு நாள் உங்களிடம் இருப்பதே இல்லை. சரியாகக் கணக்குப் போட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், அதாவது மாதத்துக்குக் கிட்டத்தட்ட பத்து வட்டி, வருஷத்துக்கு 120. பத்து வட்டி என்று சொன்னால் ‘ஐயையோ’ என்று ஓடுகிற அதே ஆள் தண்டலை மனசார வாங்குகிறார். அவர் கணக்குத் தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு அன்று சாயங்காலத்துக்குள் பணம் கொடுக்க வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான். தோப்புக்காரர் அதே நாளில் நகையை வங்கியில் வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கு வட்டிக்கு வாங்கி வந்துவிடுவார்.

ஆக, பணம் இல்லாதவருக்குப் பணத்தின் விலை அதிகம். மளிகையும் அப்படியே. ஒரு லிட்டர் எண்ணெய் வாங்க முடியாதவர் பத்து ரூபாய் பாக்கெட்டாக வாங்கி, மாதக் கடைசியில் கூடுதலாகவே கொடுத்திருப்பார். நல்ல சாலை இல்லாத தெருவுக்கு ஆட்டோக்காரர் அதிகம் கேட்பார். இது ஒவ்வொன்றும் சில்லறை. சில்லறை தினம் போனால் வருஷக் கடைசியில் ஒரு சைக்கிள் போயிருக்கும்.

கடனின் இன்னொரு வேலை மண்டைக்குள் நடக்கிறது. இதைப் பற்றிய பேர்போன ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 464 கரும்பு விவசாயிகளை எடுத்துக்கொண்டார்கள். கரும்புக்காரருக்கு வெட்டு முடிந்த பிறகுதான் மொத்தமாகக் காசு. வெட்டுக்கு முன்னால் கை காய்ந்து கிடக்கும். ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டிங் ஆர்டர் கொடுப்பதில்லை என்பதால், வெயில், மழை, பண்டிகை போன்ற காரணங்களை ஆய்வாளர்களால் தனியாகப் பிரிக்க முடிந்தது. ஒரே ஆளை வெட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை சோதித்தார்கள். ‘5 5 5’ என்று எழுதிக் காட்டி, எத்தனை எண் இருக்கிறது என்று கேட்பார்கள். மூன்று என்று சொல்ல வேண்டும், வாய் ஐந்து என்று வரும். அந்த மாதிரிச் சோதனைகள். வெட்டுக்கு முன் பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின்னால் 4 சதவீதம். அதே ஆள் காசு வந்த பிறகு வேகமாகவும் தப்பு குறைவாகவும் பதில் சொன்னார். 2013இல் இது வெளியானது. வேறு நாடுகளில் பிறகு நடந்த இந்த வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தண்டல் அட்டை சட்டைப் பையில் இருக்கும்போது பிள்ளையின் ரேங்க் கார்டு கண்ணில் படாது என்பதை அனுபவப்பட்டவர் யாரும் மறுக்க மாட்டார். ‘ஏழைகள் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள்’ என்று சொல்கிறவர்கள் அந்த யோசனை எங்கே செலவாகிறது என்று பார்ப்பதில்லை.

பிள்ளைகளுக்கு இது வேறு வழியில் போகிறது. நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், உடம்பு ஓடத் தயாராகும். நாய் போய்விட்டால் எல்லாம் அடங்கும். அது நல்லதுதான், அதற்காகவே உடம்பில் கார்டிசால் போன்ற சுரப்புகள் இருக்கின்றன. ஆனால் நாய் தினமும் சாயங்காலம் வாசலிலேயே நின்றால்? பைக் சத்தம் கேட்டதும் அம்மா பின்பக்கமாகப் போய்விட, ‘அம்மா இல்லைன்னு சொல்லு’ என்று ஆறு வயதுப் பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிற வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளையின் உடம்பு அடங்கவே நேரம் கிடைப்பதில்லை. வருஷக்கணக்கில் இப்படிப் போனால் தூக்கம், நினைவு, கவனம், நோய் எதிர்ப்பு எல்லாவற்றிலும் தேய்மானம் விழுகிறது என்று மருத்துவம் சொல்கிறது. பக்கத்தில் பாட்டியோ அக்காவோ, அணைத்துக்கொள்ள ஒரு ஆள் நிலையாக இருந்தால் இந்தத் தேய்மானம் கணிசமாகக் குறையும் என்றும் அதே மருத்துவம் சொல்கிறது.

இந்த இடத்தில் யாராவது ‘எல்லாத்துக்கும் குடிதான் காரணம்’ என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி இருக்கிற ஊரில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. குடி குடும்பத்தைக் கெடுக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் குடி இரண்டு வீட்டிலும் இருக்கிறது. தோப்புக்கார வீட்டில் குடிக்கிறவருக்கு டாக்டர் செலவு ஆகும். இன்னொரு வீட்டில் குடித்தால் அன்று ராத்திரி அடுப்பு எரியாது. அதே பாட்டில்தான்.

இப்போது கைக்குழந்தையிடம் வருவோம். கரு தங்கியதிலிருந்து இரண்டு வயது முடியும் வரை கிட்டத்தட்ட ஆயிரம் நாள். வயிற்றில் 270, வெளியே 730. மூளை மிக வேகமாக வளர்வது இந்த நாட்களில். தாய்க்கு ரத்தசோகை என்றால் குழந்தை எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் அது எடை குறைந்த பிறப்பு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்தியா முழுவதும் அது 35.5 சதவீதம். நாம் பரவாயில்லை, ஆனால் நாலில் ஒன்று என்பது சின்னக் கணக்கு இல்லை. ஒரு பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் ஒரு பிள்ளை.

இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. சாப்பிட்டால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு இறுகும். கறுப்பைப் பார்த்துவிட்டு ‘குழந்தை கறுத்துப் பொறக்கும்’ என்று யாராவது ஒரு பாட்டி சொன்னால் மாத்திரை அலமாரியிலேயே இருந்துவிடும். தோப்புக்கார வீட்டு மருமகள் அதை ஸ்கேனுக்குப் போகும்போது டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெளிந்துகொள்வாள். இன்னொரு வீட்டில், கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் தன் முறை வரும்போது கேள்வி மறந்துபோகும். அல்லது கேட்கக் கூச்சமாக இருக்கும். நம்மைவிடப் படித்தவர் முன்னால் வாய் கட்டிப்போவது இருக்கிறதே, அது பெரிய பின்னடைவு. அதை எந்தக் கணக்கெடுப்பிலும் யாரும் எடுப்பதில்லை.

பள்ளிக்கூட விஷயத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதில் குற்றவாளி நான். சில வருஷம் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பலகையில் எழுதிப்போடுவதை எழுதவே மாட்டான். பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்ப்பான். ‘காப்பியடிக்கிறியா?’ என்று நான் பல தடவை அதட்டியிருக்கிறேன். சோம்பேறி என்றும் சொல்லியிருக்கிறேன். அவன் பதில் பேசமாட்டான். ஒரு நாள் பள்ளியில் கண் முகாம் நடந்தது. அடுத்த வாரம் கண்ணாடியோடு வந்தான். வந்தவன் பலகையைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா பாக்குற?” என்றேன்.

“எலை தனித்தனியா இருக்கு சார்.”

மரம் என்றால் மேலே பச்சையாக ஒரு மொத்தை என்றே அதுவரை நினைத்திருக்கிறான். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றும் நினைத்திருக்கிறான், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து அவனுக்குப் பலகை தெரியவில்லை. பெருக்கல், வகுத்தல், பின்னம் மூன்றும் அந்தப் பச்சை மொத்தைக்குள் போய்விட்டன. கண்ணாடி வந்ததும் பலகை தெரிந்தது. ஆனால் அப்போது பலகையில் இருந்தது ஆறாம் வகுப்புக்குப் போகிறவனுக்கான கணக்கு. பின்னம் தெரியாமல் அதைப் போட முடியாது. வசதியான வீட்டில் ‘தலை வலிக்குது’ என்று ஒரு தடவை சொன்னால் அந்த வாரமே கண் டாக்டர். செலவு ஆயிரமோ இரண்டாயிரமோ. அந்தச் சின்னச் செலவு மூன்று வருஷம் தள்ளிப்போனதும் அது கண் பிரச்சினையாக இல்லாமல் கணக்குப் பிரச்சினையாகிவிட்டது. அதற்கு மேல் நான் ஒட்டிய ‘சோம்பேறி’ என்ற சீட்டு வேறு. கண்ணாடி போட்ட பிறகும் அந்தச் சீட்டு அவன் முதுகில் கொஞ்ச நாள் இருந்தது.

காலில் பட்ட காயம் ஆறுவதற்குள் அடுத்தது படுவது இப்படித்தான். காலத்தில் கவனிக்காத ஒன்று வேறொன்றாக மாறிவிடுகிறது. மாறிய பிறகு, அது எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

நம் கொட்டை உடைக்கிற வீட்டுப் பெண்ணுக்கும் அப்படி ஒன்று நடந்தது, உலகம் முழுவதற்கும் நடந்த மாதிரியே. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பை வீட்டிலேயே முடித்தாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அன்று போனவள் ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். தோப்புக்கார வீட்டுப் பேத்திக்கு அந்த இருபது மாதமும் தனி போனும் வாத்தியார் பெரியப்பாவும் இருந்தார்கள். இவள் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு கேரளாவில். இவளுக்கு இருந்தது கொட்டை. சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பருப்பின் மேல்தோலை உரித்துக் கொடுப்பாள். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். வீட்டுத் திண்ணையில் வேறொருவருக்காகக் கிலோ கணக்கில் உரிப்பது குடும்பத் தொழிலா, கூலியா? திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்க யாரும் வரப்போவதில்லை.

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் அரிக்கும், பொத்துப்போகும். உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, வழவழப்பாகிவிடும். ரேஷன் கடைகளில் கைரேகை மிஷின் வந்த பிறகு நான் ஒரு கடையில் பார்த்தது இது. வரிசையில் ஒரு அம்மா விரலை வைக்கிறார். மிஷின் ஏற்கவில்லை. வேறு விரல், அதுவும் இல்லை. “அக்கா, சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு வாங்க” என்கிறார் கடைக்காரர். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவரும் வரிசையைப் பார்க்க வேண்டும். “கழுவிட்டுத்தாங்க வந்தேன். இது போவாதுங்க” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் அந்த அம்மா. நாளைக்கு வீட்டில் வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார்கள். வேறு யார்? மகள்தான். நாளைக்குப் பள்ளி. இரண்டில் ஒன்று. பத்து வருஷம் உடைத்த கொட்டை, அரிசி வாங்குகிற விரலை அழித்து, அங்கிருந்து மகளின் வருகைப் பதிவேட்டுக்குப் போவதை நான் அன்று வரிசையில் நின்றபடி பார்த்தேன்.

ரேஷன், பதிவேடு என்று காகிதப் பேச்சு வந்ததும் சாதியைப் பேசாமல் போக முடியாது. நம் வடமாவட்டக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி என்கிற தலித் குடியிருப்பு ஒரு பக்கம். பல இடங்களில் காலனி பள்ளத்தில் இருக்கும். 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு நினைவிருக்கும். தண்ணீர் பள்ளத்தை முதலில் நிரப்பி, கடைசியில்தான் வடியும். பள்ளத்தில் வீடு கட்டிக்கொள்ள அந்த மக்கள் ஆசைப்பட்டார்களா? மேட்டு நிலம் யார் கையில் இருந்தது என்பது பழைய கதை, வெள்ளம் புதுசு. அரசுப் பதிவுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. முகவரியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் மாறுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். பள்ளத்தை மேடாக்குவது அடுத்த வேலை.

இருளர் பழங்குடிப் பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கல். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர் விசாரித்துத்தான் கொடுப்பார். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கே போகவில்லை, அதனால் அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை, அதனால் அவரிடம் இல்லை. அவரிடம் இல்லாததால் மகனுக்குக் கிடைப்பது தள்ளிப்போகிறது. கிடைக்காததால் உதவித்தொகையும் விடுதியும் தள்ளிப்போகின்றன. பின்னடைவு தலைமுறை தாண்டுவது எப்படி என்று ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அப்பாவுக்கு மறுக்கப்பட்டதே மகனுக்கு மறுப்பதற்குக் காரணமாகிறது.

ஒவ்வொரு மே மாதமும் பத்திரிகையில் ஒரு செய்தி வரும். தாய் கூலி வேலை, மகள் ப்ளஸ் டூவில் 600க்கு 580 என்று படத்தோடு. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும், வெட்டி வைத்துக்கொண்டதும் உண்டு. ஆனால் அதை வைத்து ‘பார், அவளால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?’ என்று மற்ற பிள்ளைகளைக் கேட்கும்போது கணக்குத் தப்பாகிறது. அந்த ஒரு பெண் ஏறிய அதே படியில் தோப்புக்கார வீட்டுப் பிள்ளைகள் பலர் சாதாரணமாக ஏறிவிடுவார்கள், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். பின்னடைவு யாருடைய தலையெழுத்தையும் முடிவு செய்வதில்லை. எத்தனை பேர் ஏற முடியும் என்பதை மாற்றுகிறது.

அப்படியானால் எங்கே கை வைத்தால் இது நிற்கும்? ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 கைக்குழந்தைகளை வைத்து ஒரு முயற்சி நடந்தது. அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீடுகளுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார். பெரிய வித்தை எதுவும் இல்லை. வீட்டிலேயே செய்த பொம்மையை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் போய்வந்த வீட்டுப் பிள்ளைகளின் சம்பாத்தியம் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் கொடுத்த பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. நம் அங்கன்வாடி டீச்சர்களுக்குப் பதிவேடு எழுதுவதே பாதி நாளைத் தின்றுவிடுகிறது. அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நம்மிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வந்த காலை உணவு என்று வரிசை இருக்கிறது. அதே 2022 செப்டம்பரில் வந்தது புதுமைப்பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய். இதெல்லாம் இலவசம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ப்ளஸ் டூ முடித்த பெண்ணை ‘இனி என்ன, கல்யாணம்தான்’ என்று சொல்கிற அந்தக் குறிப்பிட்ட ராத்திரியில், பஸ் காசும் புத்தகக் காசும் இருக்கிறது என்று அவள் அப்பாவிடம் சொல்ல முடிகிறது. அந்த ராத்திரி கடந்துவிட்டால் கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் முதல் பிள்ளை பிறக்கும்போது அவள் உடம்பில் ரத்தம் இருக்கும்.

ஆனால் உதவிக்கும் காலம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் காலை உணவு வந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தாள், அவளுக்குக் கிடைக்கவில்லை. புதுமைப்பெண் அவளுக்குக் கிடைக்கும், அதுவரை படித்தால். அவள் அண்ணனுக்கு இந்த இரண்டில் எதுவுமே கிடைக்கவில்லை. ஒன்பதில் நின்றவன் இப்போது சென்னையில் சென்ட்ரிங் வேலை. வயது இருபத்தாறு. போன வருஷம் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 2.3 கிலோ.

அத்தைக்காரி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ப்ளஸ் ஒன்னில் சேர டி.சி., மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொடியில் தொங்குகிற மஞ்சப்பையில் வைத்திருக்கிறார்கள். அதை எடுக்க வேண்டுமென்றால் அம்மா மகளைத்தான் கூப்பிடுவார்.

“நீயே எடும்மா. என் கையில எண்ணெ.”